வயல்வெளியில் நாயோடு ஒரு வட்டம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கும் படுவான்கரையில் எங்கள் ஊர்க் குளக்கட்டில் தொடங்கி, வாய்க்கால் ரோட்டால் இறங்கி, வட்டையை, அதாவது வயல்வெளியை, சுற்றி, கிரவல் ரோட்டால் திரும்பவும் குளக்கட்டுக்கே வந்து சேரும் ஒரு வட்டம் இருக்கிறது. ஏறக்குறைய 6 கிலோமீற்றர். நான்கு வருடமாக வாரத்தில் மூன்று நான்கு நாள் நானும் என் நாய் ஜிம்மியும் அதை நடக்கிறோம். ஜிம்மி ஊர் நாய், கடுவன், 20 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. எப்போதும் கயிற்றில்தான் வரும்.

வழியில் மறித்துக் கேட்கும் வயற்காரர்கள், பள்ளிக்கூடத்தில் கேட்கும் பிள்ளைகள், மண்முனைப் பாலத்தால் வந்து தங்கள் நாயோடு நடக்க ஆசைப்படும் டவுன் ஆட்கள் எல்லோரும் திரும்பத் திரும்ப ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். கேட்டவர் கேட்ட மாதிரியே கேள்வியை எழுதி, பதிலைக் கீழே வைத்திருக்கிறேன்.

வளவுக்குள்ளே ஓடித் திரிகிறதுதானே டீச்சர், பிறகு ஏன் நடக்கக் கூட்டிப்போக வேண்டும்?

வளவு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் ஒரு கிழமையில் நாய் அதை மணந்து முடித்துவிடும். நாய் உலகத்தை அறிவது மூக்கால். இரவு எந்த வழியால் பன்றி போனது, எந்த வரம்பில் கீரி நின்றது என்று புல்லுப் புல்லாக மணந்து போவதுதான் அதற்கு நடை. நமக்கு அது நேரம் வீணாவது போலத் தெரியும். அந்த நேரத்தைக் கொடுக்கத்தான் கூட்டிப்போகிறோம்.

ஜிம்மி நடக்கத் தொடங்கிய பிறகு இரவில் சும்மா குலைப்பது குறைந்தது, வேலியடியில் கிடங்கு தோண்டுவது நின்றது. எனக்கும் முழங்கால் நோ குறைந்தது.

6 கிலோமீற்றர் என்றால் கஷ்டமான வழியா?

மலை இல்லை, ஏற்றம் என்றால் குளக்கட்டு ஏறுவது மட்டும்தான். ஆனால் இலேசான வழி என்றும் சொல்ல மாட்டேன். பாதி வழிக்கு நிழலே கிடையாது. வாய்க்கால் மதகு ஒன்றை ஒற்றைக் கொங்கிரீட் பலகையில் கடக்க வேண்டும். வரம்பு சில இடத்தில் ஒரு அடி அகலம்தான், மழை பெய்தால் வழுக்கும். நாய் மணந்து நிற்கும் நேரத்தையும் சேர்த்து எனக்கு 1 மணி 45 நிமிடம் எடுக்கும். தினமும் 2 கிலோமீற்றர் களைப்பில்லாமல் நடக்கிறவரும் அவருடைய நாயும் ஒரு மாதம் பழகினால் நடந்துவிடலாம்.

எங்கள் வீட்டில் பொமேரியன்தான் இருக்கிறது. அதைக் கூட்டிவரலாமா?

அடர்ந்த மயிர் உள்ள நாய்க்கு நம் வெயில் பெரிய தண்டனை. குளக்கட்டில் மட்டும் போய்த் திரும்பட்டும். பக் போல மூக்குச் சப்பையான நாய்களை இந்த வட்டத்துக்கு வேண்டவே வேண்டாம். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, இளைத்துத்தான் சூட்டை வெளியே விடும். மூக்குச் சப்பையான நாயால் அதைச் சரியாகச் செய்ய முடியாது. அல்சேசன், லப்ரடோர் வளர்ப்பவர்கள் குளிர் மாதங்களில் மட்டும் வரலாம். ஊர் நாய்தான் இந்த மண்ணுக்கு ஏற்ற நாய்.

குட்டிகளுக்கும் அவசரப்பட வேண்டாம். எலும்பு வளர்ந்து முடிய ஒரு வருடமாகும், பெரிய இனமென்றால் ஒன்றரை வருடம். அதுவரை சின்னத் தூரம் போதும்.

எந்த நேரம், எந்த மாதம் நல்லது?

பெரும்போக வேளாண்மை வெட்டி முடிந்த பிறகு வரும் மாசி, பங்குனி எனக்கு மிகவும் பிடித்த காலம். வயல் திறந்து கிடக்கும், காற்று இன்னும் சூடேறியிருக்காது. வெட்டின தாள் நாயின் பாதத்தைக் கீறும் என்பதால் அப்போதும் வரம்பிலேயே நடக்க வேண்டும். கார்த்திகை, மார்கழியில் நம் மாவட்டத்துக்கு வருடத்து மழையில் பெரும்பங்கு கொட்டும். குளம் நிரம்பி வான் பாயும்போது இந்த வழியை மறந்துவிடுங்கள்.

கடினமான காலம் தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் வைகாசி முதல் ஆவணி வரை. காற்று வீசுகிறதே, குளிர்மைதானே என்று நினைக்கக் கூடாது. அது காய்ந்த காற்று, நாயின் நாக்கு ஈரத்தை உறிஞ்சிவிடும். அந்த மாதங்களில் எங்கள் பக்கம் 6 மணிக்கு முன்பே சூரியன் எழும்பிவிடும் என்பதால் 5.30க்கு வெளிச்சம் வந்ததும் தொடங்கி, 7.15க்கு முடித்துவிடுகிறேன். பின்னேர நடையை நான் விரும்புவதில்லை, பகல் குடித்த சூட்டைத் தரை 6 மணி வரை விடாது. புறங்கையைத் தார் ரோட்டில் வைத்து 7 செக்கன் பொறுக்க முடியவில்லை என்றால் நாயின் பாதத்தாலும் முடியாது.

வீட்டில் கட்டிப்போடும் சங்கிலி போதாதா?

போதாது. சங்கிலி பாரம், வெயிலில் சுடும், நாய் திடீரென்று பாய்ந்தால் நம் விரலை வெட்டும். ஒன்றரை முதல் இரண்டு மீற்றர் நீளமான நைலோன் நாடா நல்லது. மீன்வலைக் கடையில் வாங்கிய தடித்த கயிறும் நல்ல கொக்கியுமே எனக்கு இரண்டு வருடம் வந்தது. இழுக்க இழுக்க நீளும் சுருள் கயிறு வயல்வெளிக்கு ஆகாது. நாய் ஐந்து மீற்றர் தள்ளிப் பற்றைக்குள் தலையை விட்ட பிறகு நீங்கள் செய்ய ஒன்றுமில்லை.

இழுக்கிற நாய்க்குக் கழுத்துப் பட்டியை விட மார்பைச் சுற்றிப் போடும் ஹார்னஸ் நல்லது. கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக் கட்டாதீர்கள். ஏன் என்பதை மாடு பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

ஆளே இல்லாத வெட்டவெளி. அவிழ்த்துவிட்டால் என்ன குறைந்துவிடும்?

இதுதான் என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி. ஆள் கண்ணில் படாவிட்டாலும் வட்டை ஆளில்லாத இடம் இல்லை. ஒவ்வொரு வரம்பும் ஒருவருடைய வேலைத்தலம். நேற்று மருந்தடித்த வயல் எது என்று நாய்க்குத் தெரியாது. மருந்து பட்ட புல்லில் உருண்டுவிட்டுத் தன் உடம்பைத் தானே நக்கும்.

அதைவிடப் பயங்கரமானது பன்றிக்கு வைக்கும் வெடி. பழத்துக்குள்ளோ வேறு தீனிக்குள்ளோ மறைத்து வைப்பார்கள், கடித்தவுடன் வெடிக்கும். சிங்களத்தில் ஹக்க பட்டாஸ் என்பது இதைத்தான். சட்டப்படி குற்றம், ஆனாலும் வைக்கிறார்கள். யானைக் கன்றுகள் இதில் வாய் சிதறிச் சாகின்றன. நாயின் மூக்குக்கு அந்தத் தீனி மணம் முதலில் போய்விடும். சுருக்குக் கம்பியும் உண்டு. சிலர் வீட்டு மின்சாரத்தைக் கம்பியில் பாய்ச்சியும் வைக்கிறார்கள். எங்கள் ஒழுங்கையில் இருந்த ஒரு நாய் சுருக்கில் இரண்டு நாள் கிடந்து செத்தது. அதைப் பிள்ளை போல வளர்த்த குடும்பம் இரண்டு நாளும் கூப்பிட்டுத் திரிந்தார்கள். கயிற்றின் மறுமுனை உங்கள் கையில் இருந்தால் நாய் பற்றைக்குள் போகாது. நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பது இதற்காகத்தான்.

இன்னொரு காரணம் ஆட்காட்டிக் குருவி. அது கூடு கட்டாது, வெறுந்தரையில் சின்னக் குழியில் முட்டை இடும். வரம்போரத்தில் கல்லுப் போலக் கிடக்கும் அந்த முட்டைகள் நம் கண்ணுக்கே தெரியாது. அவிழ்த்துவிட்ட நாய் ஒரு காலையில் நான்கையும் முடித்துவிடும். ஆட்காட்டி தலைக்கு மேல் சுற்றிக் கத்தினால், நாயைக் கிட்ட இழுத்துக்கொண்டு நேரே நடந்துவிடுங்கள்.

என் நாய் கூப்பிட்டால் உடனே வந்துவிடும். அதற்குமா?

அதற்கும்தான். முயல் பாயும்போது எந்த நாய்க்கும் காது கேட்பதில்லை. வெடிக்குப் பக்கத்தில் நிற்கும்போது நீங்கள் கூப்பிடவே மாட்டீர்கள், அங்கே வெடி இருப்பது உங்களுக்கே தெரியாது.

மற்றவருடைய வரம்பில் நடக்கலாமா? ஏசமாட்டார்களா?

கேட்டுவிட்டு நடந்தால் ஏசமாட்டார்கள். நான் முதலில் வயல்களுக்குப் பொறுப்பான வட்டை விதானையாரிடம் போய் எந்த வழியால் போவேன், எந்த நேரம் போவேன், நாயைக் கட்டித்தான் கொண்டுபோவேன் என்று சொன்னேன். விதைப்பு முடிந்த கிழமைகளில் உள் வரம்புகளை விட்டு வாய்க்கால் ரோட்டாலேயே போகச் சொன்னார். இன்றுவரை அப்படித்தான் செய்கிறேன். வாடியில் காவலுக்கு நிற்கிற ஐயாமாருக்கு ஒரு வணக்கம் சொல்லி, இரவு என்ன நடமாட்டம் என்று கேட்டுவிட்டுப் போவேன். அவர்கள் சொல்வதை எந்த மெப்பும் சொல்லாது.

எந்தப் பக்கமாகச் சுற்றுவது? எல்லாம் ஒன்றுதானே?

ஒன்றில்லை. நிழலும் தண்ணீரும் உள்ள பக்கம் இரண்டாம் பாதியில் வர வேண்டும். எங்கள் வட்டத்தில் மருத மரங்கள் கிரவல் ரோட்டிலும் குளக்கட்டின் கடைசிப் பகுதியிலும் நிற்கின்றன. அதனால் வெறும் வட்டையை முதலில் முடித்துவிட்டு, வெயில் ஏறும்போது மரத்தடிக்கு வந்துவிடுவோம்.

வட்டமான வழியில் ஒரு தொல்லை உண்டு. நடுவில் நிற்கும்போது முன்னால் போனாலும் பின்னால் வந்தாலும் வீடு ஒரே தூரம். எங்கே குறுக்கே வெட்டலாம், எந்த இடம் வரை ஓட்டோ வரும் என்பதை முதல் நாளே பார்த்து வையுங்கள்.

பக்கத்தில் வாய்க்கால் ஓடுகிறது, பிறகு ஏன் தண்ணீர் சுமக்கிறீர்கள் அக்கா?

வாய்க்கால் தண்ணீரில் மேல் வயலின் மருந்து கலந்திருக்கலாம். எலிக்காய்ச்சல் கிருமியும் அந்தத் தண்ணீரில்தான் இருக்கும். அது நாய்க்கும் வரும், மனிதருக்கும் வரும். நாய்க்கு வருடாந்தம் போடும் கூட்டுத் தடுப்பூசியில் எலிக்காய்ச்சலுக்கும் மருந்து சேர்ந்திருக்கிறதா என்று மிருக வைத்தியரிடம் கேட்டுப் போடுங்கள். உங்கள் காலில் புண் இருந்தால் சேற்றில் இறங்க வேண்டாம்.

குளத்தில் இறக்கிக் குடிக்க விடுவதும் கூடாது. நம் குளங்களிலும் வாவியிலும் முதலை இருக்கிறது. தண்ணீரோரம் குனிந்து நிற்கும் நாய் அதற்கு நல்ல இரை. 20 கிலோ நாய்க்கு ஒன்றரை லீற்றர் போத்தல் ஒன்று கொண்டுபோனால் குடிக்கவும் வயிற்றை நனைக்கவும் போதும். ஐஸ்கிரீம் டப்பா ஒன்று கோப்பையாகப் போதும்.

கட்டாக்காலி நாய்கள் கூட்டமாக வந்தால் என்ன செய்வது?

ஓடக் கூடாது. ஓடினால் துரத்தும். உங்கள் நாயைப் பின்னால் எடுத்துக்கொண்டு நின்று, உரத்த குரலில் அதட்டிவிட்டு, கல் எடுப்பது போலக் குனியுங்கள். பெரும்பாலான நாய் அதோடு விலகும். நான் ஒரு தடியும் வைத்திருப்பேன், அடிக்க அல்ல, இடையில் நீட்டிப் பிடிக்க. நாய்கள் சண்டையில் கொழுவிக்கொண்டால் கையை உள்ளே விடாதீர்கள்.

உங்களை ஒரு நாய் கடித்தாலோ, காயத்தில் நக்கினாலோ ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். பிறகு தாமதிக்காமல் அரச ஆஸ்பத்திரிக்குப் போங்கள், விசர்நாய்த் தடுப்பூசி அங்கே இலவசம். மஞ்சள், மிளகாய், சுண்ணாம்பு ஒன்றும் பூச வேண்டாம். விசர் நோய் அறிகுறி தொடங்கிவிட்டால் காப்பாற்ற வழியில்லை. நம் நாய்க்கு வருடா வருடம் தடுப்பூசி போட்டு அட்டையைப் பத்திரமாக வைத்திருப்பது நம் கடமை. விசர் நோய்க்கு இந்த நாட்டில் 1893ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது.

பெட்டை நாய் பருவத்தில் இருக்கும் மூன்று கிழமையும் அதை இந்த வழிக்குக் கொண்டுவர வேண்டாம். ஊர்க் கடுவன்கள் எல்லாம் பின்னால் வரும்.

மாடு, எருமை விரட்டினால் கயிற்றை விடலாமா? நீங்கள்தானே விடக்கூடாது என்றீர்கள்?

மாடு விரட்டும்போது விட்டுவிடுங்கள். யானை துரத்துவதை விட்டால், இது ஒன்றுதான் நான் சொல்லும் விதிவிலக்கு. கன்று ஈன்ற எருமைக்குக் கோபம் உங்கள் மேல் இல்லை, நாயின் மேல்தான். நாய் மாட்டை விட வேகமாக ஓடித் தப்பிவிடும். கயிற்றோடு சேர்ந்து நீங்கள் நின்றால் மிதிபடுவது நீங்கள். மணிக்கட்டில் சுற்றாதீர்கள் என்று முன்னர் சொன்னது இதற்காக. ஆபத்து முடிந்ததும் கூப்பிட்டுப் பிடித்துக்கொள்ளலாம்.

அந்த நிலைக்கு வராமல் பார்ப்பதே நல்லது. பட்டி கண்ணில் பட்டால் நான் சுற்றிப் போவேன், கன்றுக்கும் தாய்க்கும் இடையில் ஒருபோதும் போக மாட்டேன். பட்டிக்காரர் நின்றால் கேளுங்கள், எந்த எருமை முட்டும் என்று பெயரோடு சொல்வார்.

யானை வருமே, பயமில்லையா மகள்?

பயம் இருக்கிறது. இருக்கவும் வேண்டும். படுவான்கரையில் கதிர் முற்றும் காலத்தில் இரவில் வந்து, விடியப் புறம் காட்டுக்குத் திரும்பும். அதனால் வெளிச்சம் வந்ததும் தொடங்குங்கள் என்று மேலே சொன்னது அந்தக் கிழமைகளுக்குப் பொருந்தாது. அப்போது நன்றாக விடிந்து, வாடிக்காரர் வழி சரி என்று சொன்ன பிறகே இறங்குவேன். வெயில் ஏறிவிடும், ஆகவே பாதி வட்டத்தோடு திரும்புவேன். புதிய இலத்தி, முறிந்த கொப்பு, சாய்ந்த வேலிக் கம்பம் கண்டால் அங்கேயே திரும்புங்கள்.

அவிழ்த்துவிட்ட நாய் யானையைக் கண்டால் போய்க் குலைக்கும், யானை திரும்பினால் உங்களிடமே ஓடி வரும். யானையும் பின்னால் வரும். கயிற்றில் இருந்தால், தூரத்தில் கண்டதுமே கிட்ட இழுத்துச் சத்தமில்லாமல் பின்வாங்கலாம். துரத்தவே தொடங்கிவிட்டால் கயிற்றை யோசிக்க நேரமில்லை, உங்கள் உயிரைப் பாருங்கள். வனஜீவராசிகள் திணைக்களத்தின் அவசர இலக்கம் 1992, அம்புலன்ஸ் 1990.

பாம்பு, உண்ணிக்கு என்ன செய்கிறீர்கள்?

நாயை வைக்கோல் போருக்குள்ளும் புற்றடியிலும் மூக்கை விட விடமாட்டேன். புடையன் ஓடாது, சுருண்டு கிடந்து கொத்தும். கொத்திவிட்டால் வெட்டுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது ஒன்றும் வேண்டாம். நாயை நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு வந்து, மிருக வைத்தியருக்குப் போகும் வழியிலேயே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள்.

உண்ணியை ஒவ்வொரு நடைக்குப் பிறகும் தேட வேண்டும். காதுக்குள், விரல் இடுக்கு, கக்கம், வாலடி. நெருஞ்சி முள்ளும் நாயுருவியும் அதே இடங்களில்தான் இருக்கும், ஒரே வேலையாக முடிக்கலாம். நாய் சாப்பிடாமல் சுருண்டு படுத்து, முரசு (பல் ஈறு) வெளிறியிருந்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். அன்றே காட்டுங்கள்.

வயலில்தானே பேள்கிறது, பசளைதானே?

இல்லை. நாயின் மலத்தில் கொக்கிப்புழு முட்டை இருக்கும், ஈரமண்ணில் அது புழுவாகி வெறுங்காலின் தோலைத் துளைத்து ஏறும். நாயிலிருந்து மனிதருக்குத் தொற்றும் ஒரு கொக்கிப்புழு இனத்துக்கு விஞ்ஞானப் பெயரிலேயே சிலோன் என்று இருக்கிறது. வயலில் எல்லோரும் வெறுங்காலோடுதான் நிற்கிறார்கள். சொப்பிங் பையில் எடுத்து வந்து வீட்டில் ஆழமாகப் புதைப்பேன். மூன்று மாதத்துக்கு ஒரு முறை பூச்சி மருந்தும் கொடுக்கிறேன்.

வட்டையில் முஸ்லிம் ஆட்களும் வேலை செய்கிறார்கள். நாயோடு போனால் சங்கடமில்லையா?

நாம் முறையாக நடந்தால் சங்கடமில்லை. நாயின் எச்சில் பட்டால் ஏழு தரம், அதில் ஒரு தரம் மண்ணோடு, கழுவ வேண்டும் என்பது அவர்களின் மார்க்க முறை. வேலைக்கு நடுவில் தொழுகைக்கு நேரம் பார்த்து நிற்கும் ஒருவருக்கு நம் நாய் அந்தச் சிரமத்தைக் கொடுக்கக் கூடாது. எதிரே வருகிறவரைக் கண்டால் கயிற்றைக் கட்டையாகப் பிடித்து, வரம்பை விட்டு இறங்கி நின்று வழி விடுவேன். அவர்களின் தண்ணீர்ப் பாத்திரம், சோற்றுப் பார்சல் பக்கம் ஜிம்மியை விடுவதேயில்லை. "பிடிச்சுக்கொள்ளுங்க தங்கச்சி" என்று ஆரம்பத்தில் சொன்ன ஒரு காக்கா (முஸ்லிம் அண்ணன்), இப்போது பன்றி வெடி வைத்திருக்கும் பக்கத்தை எனக்குச் சொல்லித் தருகிறார்.

கோயிலுக்கும் அதே மரியாதைதான். வைரவருக்கு வாகனம் நாய்தான், பாண்டிருப்பில் திரௌபதை அம்மனைக் கும்பிடுகிற நமக்கு நாயை விட்டுவிட்டுச் சொர்க்கம் போகமாட்டேன் என்ற தருமரையும் தெரியும். ஆனாலும் கோயில் வீதிக்குள் நாயைக் கொண்டுபோக மாட்டேன். வெளியே நின்று கும்பிடுவேன்.

யுத்தம் நடந்த இடம். கண்ணிவெடி இருக்காதா?

மட்டக்களப்பு மாவட்டம் 2017இல் கண்ணிவெடி ஆபத்து நீங்கிய மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. வருடா வருடம் உழும் வயலும் நாளாந்தம் ஆள் நடக்கும் வழியும் பயப்பட வேண்டிய இடங்கள் இல்லை. இருந்தாலும் துருப்பிடித்த இரும்பு எதையும் நாய் கிளற விடாதீர்கள், கண்டால் தொடாமல் பொலிஸின் 119க்குச் சொல்லுங்கள்.

நடு வழியில் நாய் படுத்துவிட்டது, எழும்ப மாட்டேன் என்கிறது. என்ன செய்ய?

முதலில் பாதத்தைப் பாருங்கள், முள்ளாக இருக்கலாம். முள் இல்லை, ஆனால் பலமாக இளைக்கிறது, முரசு சிவந்திருக்கிறது, எச்சில் கயிறாக ஒழுகுகிறது, தள்ளாடுகிறது என்றால் சூடு தாக்கியிருக்கிறது. நாயின் வழமையான உடற்சூடு 38 முதல் 39 பாகை செல்சியஸ். 41ஐத் தாண்டினால் உள்ளுறுப்புகள் பழுதாகத் தொடங்கும். நிழலுக்குத் தூக்குங்கள். கொண்டுவந்த தண்ணீரை வயிறு, கவட்டை, பாதம் எல்லாம் ஊற்றி விசிறுங்கள். இந்த நேரத்தில் வாய்க்கால் தண்ணீரையும் உடம்பில் ஊற்றலாம், குடிக்க மட்டும் கொடுக்க வேண்டாம். ஈரத் துணியால் மூடி வைக்காதீர்கள், சூடு உள்ளே நிற்கும். வாய்க்குள் தண்ணீரைப் பலவந்தமாக ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும்.

எழும்பி நடந்தாலும் அன்றே மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். வீட்டில் இருக்கிற பனடோலைக் கொடுக்காதீர்கள், மனிதருக்கான நோவு மாத்திரைகள் நாயின் ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

இதே மாதிரி உகந்தை, குமணப் பக்கமும் ஜிம்மியைக் கொண்டுபோகலாமா?

முடியாது. குமணவும் கல்லோயாவும் தேசிய பூங்காக்கள், வளர்ப்பு நாய்களுக்கு அங்கே அனுமதி இல்லை. உகந்தையிலிருந்து கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகும் காட்டு வழியும் குமண, யால பூங்காக்களுக்குள்ளால்தான் போகிறது. நாய் கொண்டுபோகும் நோய் காட்டு விலங்குகளுக்குத் தொற்றும், சிறுத்தைக்கு நாயே இரையாகும். நான் பாதயாத்திரை போன வருடம் ஜிம்மியைப் பக்கத்து வீட்டுத் தம்பியிடம் விட்டுவிட்டுத்தான் போனேன். குளக்கட்டில் மட்டும் காலையில் நடத்து, மதகுக்கு அப்பால் கொண்டுபோகாதே என்று சொல்லி, கயிற்றையும் அவன் கையில் கொடுத்தேன்.